மதினி நேர்ந்துகொண்ட என் முழங்கால்

ஊன்றுகோல் இல்லாமல் நான் நடக்கத் தொடங்கியதிலிருந்து எங்கள் தெருவில் உள்ள முட்டிவலிக்காரர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறார்கள். ஆபரேஷன் வலிக்குமா, எத்தனை தையல், இன்சூரன்ஸில் எவ்வளவு கழிந்தது, உள்ளே வைத்தது எந்த ஊர் முட்டி என்றெல்லாம் கேட்கிறார்கள். வைத்ததை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லாததுதான் பாக்கி. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. ஆபரேஷனுக்கு நம்முடைய தயவு வேண்டியதில்லை. பேசாமல் படுத்திருந்தால் மற்றவர்கள் செய்துவிடுவார்கள். அதற்குப் பிறகு தினமும் செய்ய வேண்டிய பயிற்சியை நாம்தான் செய்ய வேண்டும். நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். அதை ஒரு முறை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால், வருகிறவர்களிடம் படிக்கக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கலாம்.

என் பெயர் பிலோமினா. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பது வருடத்துக்கு மேல் நின்றுகொண்டே பாடம் நடத்தியாகிவிட்டது. என் கணவர் ஆரோக்கியம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் காலமெல்லாம் நின்றவர்தான், அதுவும் ஓடுகிற வண்டியில். ஆனால் முட்டி தேய்ந்தது எனக்கு. இதில் என்ன நியாயம் என்று இன்றுவரை விளங்கவில்லை.

முதலில் மாடிப்படி ஏறும்போது வலித்தது. பிறகு இறங்கும்போதும் வலித்தது. தைலம், மஞ்சள் பற்று, மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணெய் எல்லாம் ஒரு சுற்று வந்தேன். ஒரு நாள் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. பிள்ளைகள் தாங்களாகவே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அன்று மாலைதான் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் குருத்தெலும்பு என்று வழவழப்பான ஒரு மெத்தை இருக்கிறது. எனக்கு வலது காலில் அது தேய்ந்துபோய் எலும்பும் எலும்பும் நேராக உரசிக்கொண்டிருந்தன. இடது கால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்றார். தேய்ந்த முனைகளைச் சீவிவிட்டு உலோகத்தால் தொப்பி போட்டு, நடுவில் பிளாஸ்டிக் மெத்தை ஒன்றை வைப்பார்களாம். கேட்கும்போது செருப்புத் தைக்கிற வேலை போலத்தான் இருந்தது.

அதற்கு முன்னால் சோதனைகள். ரத்தம், சர்க்கரை, இதயம், கடைசியில் பல். முட்டியை மாற்ற எதற்குப் பல்லைப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். பல்லில் சீழ் இருந்தால் அந்தக் கிருமி ரத்தத்தோடு போய்ப் புது மூட்டில் உட்கார்ந்துகொள்ளுமாம். ஒவ்வொரு அறைக்கும் வெளியே காத்திருந்தோம். காத்திருக்கும் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். ஆனால் நர்ஸ் ஒரு பெயரைக் கூப்பிட்டால் அந்தப் பெயருக்குச் சொந்தமில்லாதவர்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஆபரேஷன் அன்று காலையில் என் கணவரின் அக்கா சகாயம் ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பேருந்து பிடித்து வந்துவிட்டார். எனக்கு மதினி. மாமியார் சின்ன வயதிலேயே இறந்துபோனதால் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவருடைய முட்டிகள் என்னுடையதைவிட மோசம். இரண்டு காலும் வெளிப்பக்கமாக வளைந்து, நடந்தால் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். டாக்டரிடம் போகச் சொன்னால், "நடக்குதுல்ல, பெறகென்ன" என்பார். என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோகும்போது மதினி ஜெபமாலையை என் நெற்றியில் வைத்துக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். வாய் வேகமாக அசைந்தது. எனக்காக வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். அது சரிதான், ஆனால் முழுக்கச் சரியில்லை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். நினைவு இருந்தது. நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் அறுக்கிற சத்தமும் தட்டுகிற சத்தமும் கேட்டன. யார் வீட்டிலோ கட்டில் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பயம் இருந்தது. ஆனால் அந்தச் சத்தத்தில் ஓர் ஒழுங்கு இருந்ததால் அதை எண்ணிக்கொண்டே இருந்துவிட்டேன்.

மறுநாளே பவித்ரா வந்துவிட்டாள். பிசியோதெரபிஸ்ட், குஜிலியம்பாறைப் பெண். ஒல்லியாக இருப்பாள், குரல் மட்டும் கணீரென்று இருக்கும்.

"எந்திரிங்க டீச்சர், நடக்கணும்."

"இன்னைக்கேவா?"

"நேத்தே நடந்திருக்கணும். ஊசி மயக்கம்னு விட்டுட்டேன்."

அவள் கையில் ஒரு கோணமானி இருந்தது. இரண்டு கை வைத்த பெரிய பாகைமானி. ஒரு கையைத் தொடையோடும் இன்னொரு கையைக் கெண்டைக்காலோடும் வைத்து முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்ப்பாள். முதல் தடவை அவள் சொன்ன அளவை நான் ஒத்துக்கொள்ளவில்லை. மையப்புள்ளியைச் சரியாக வைக்கவில்லை என்றேன். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். இரண்டு டிகிரி குறைந்துபோனது. அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். நாற்காலியிலிருந்து எழவும் படி ஏறவும் தொண்ணூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயாவது முட்டி மடங்க வேண்டும். அறுத்த இடம் ஆறும்போது உள்ளே வடுச்சதை வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். தோசை மாவுப் பாத்திரத்தை உடனே கழுவினால் சுலபம், காயவிட்டால் சுரண்ட வேண்டும். அதுபோலத்தான். முதல் சில வாரங்களில் மடக்காமல் விட்டால் பிறகு மயக்க மருந்து கொடுத்து டாக்டரே பலமாக மடக்க வேண்டியிருக்கும். அதற்கும் மசியாவிட்டால் அந்தக் கால் வாழ்நாளெல்லாம் விறைத்த காலாகவே நின்றுவிடும். "மடக்குறது மட்டும்தான் உங்க வேலை. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றாள் பவித்ரா.

முதல் இரண்டு நாள் நன்றாகவே செய்தேன். வலித்தது, ஆனால் வலிக்கு ஒரு காரணம் இருந்ததால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. மூன்றாம் நாள் மதினி தூக்குவாளி நிறைய ஆட்டுக்கால் சூப்போடு வந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா மடக்கு பிலோமி. மாதாவுக்குக் குடுத்த வாக்கு இருக்குல்ல."

"என்ன வாக்கு மதினி?"

"ஒங்கிட்டச் சொல்லலையா? ஒன்ன உள்ள கொண்டுபோனாங்கள்ல, அப்ப நேந்துகிட்டேன். இவ கால் நல்லாயி நடந்துட்டான்னா, நம்ம ஊர்த் திருவிழா அன்னைக்குக் கொடிமரத்துல இருந்து கெபி வரைக்கும் முழங்கால்லயே வருவா தாயேன்னு."

"யாரு வருவா?"

"நீதான். பெறகு யாரு? கால் ஒனக்குத்தான சரியாகுது?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மதினியின் ஊரில் கோயில் முற்றத்தின் கடைசியில், கல்லால் குகை போலக் கட்டி உள்ளே மாதா சிலை வைத்திருப்பார்கள். அதுதான் கெபி. கொடிமரத்திலிருந்து அது வரைக்கும் மணல் கொட்டியிருக்கும். வேண்டுதல் நிறைவேறியவர்கள் திருவிழாவில் அந்த மணலில் முழங்காலிட்டே நடந்து போவார்கள். பார்த்து நானும் கும்பிட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அது அடுத்தவர்களின் முழங்கால்.

பக்கத்துக் கட்டிலில் ஒட்டன்சத்திரத்து அம்மா ஒருவர் இருந்தார். மார்க்கெட்டில் தக்காளி மொத்த வியாபாரம், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவர். மதினி வாளியைக் கழுவப் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க டீச்சர், ஒரு சந்தேகமுங்க. ஒருத்தரு நேந்துக்கிட்டா உங்க சாமி இன்னொருத்தரு கால்ல வசூல் பண்ணுமுங்களா?"

நான் காலை மெதுவாகப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

டாக்டர் சுற்றுக்கு வந்தபோது, முழங்கால் போடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். "ஜெபம் பண்றதுக்கா? நாற்காலியில உக்காந்து பண்ணுங்கம்மா" என்றார். மணலில் முழங்காலாலேயே நடப்பது பற்றிக் கேட்டபோது எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "அந்தப் பேச்சே வேணாம்" என்றார். அவர் போன பிறகு மதினி, "அவரு டாக்டரு. அவரா நேந்துகிட்டாரு?" என்று முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து என் பயிற்சி படுத்துவிட்டது. அதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. குதிகாலை இழுப்பேன், வலி வரும், நின்றுவிடுவேன். முன்பெல்லாம் வலி வந்த பிறகும் கொஞ்சம் இழுப்பேன். அந்தக் கொஞ்சம்தான் காணாமல் போனது. கால் ஒவ்வொரு டிகிரி மடங்கும்போதும் மதினியின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மணல் என் கண்முன் வந்தது. மற்ற நோயாளிகள் குணமாகாமல் போய்விடுமோ என்று பயந்தார்கள். நான் குணமாகிவிடுமோ என்று பயந்தேன்.

முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அவர் தூக்கி வளர்த்த தம்பியோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன். அது ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் நிரூபணம் இல்லாமல் எதையும் ஒத்துக்கொள்ளாதே என்று பிள்ளைகளிடம் சொல்கிறவள் நான். ஆனால் மாதாவிடம் சொன்ன வாக்கை மீறினால் இந்தக் காலுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் நடுங்கினேன். உண்மையாகவே நடுங்கினேன்.

வீட்டுக்கு வந்தோம். பில்லில் பெரும்பகுதியை ஆசிரியர் இன்சூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. மீதியை என் கணவர் கட்டிவிட்டு, எவ்வளவு என்று என்னிடம் சொல்லாமல் பாக்கெட்டைப் பொத்தானிட்டு மூடிக்கொண்டார். பவித்ரா வாரத்தில் சில நாள் ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்தாள். மற்ற நாட்களில் என் கணவர்தான் பொறுப்பு. குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டுக்கொண்டால் படுக்கை விரிப்பில் வழுக்கிக்கொண்டு வரும். காலை மடக்கி இழுக்க வேண்டும், நிறுத்த வேண்டும், நீட்ட வேண்டும். என் கணவருக்கு எண்ணிக்கை சொல்வதில் விருப்பமில்லை. அவருக்குத் தெரிந்த வழியில் சொன்னார்.

"பேகம்பூர், பேகம்பூர். இறங்குறவங்க முன்னால வாங்க. ரைட். அடுத்து வக்கம்பட்டி."

ஒவ்வொரு மடக்கலுக்கும் ஒரு ஸ்டாப்பிங். அவர் பல வருடம் ஓடிய ஆத்தூர் வண்டியின் வழி அது. சின்னச் சின்ன ஊரையெல்லாம் ஞாபகம் வைத்திருந்தார். மரத்தடி ஸ்டாப்பிங்கைக்கூட விடவில்லை. செம்பட்டி வரும்போது எனக்கு வேர்த்துவிடும்.

"நான் செம்பட்டியிலயே இறங்கிக்கிறேன்."

"டிக்கெட்டு ஆத்தூர் வரைக்கும் எடுத்திருக்கு டீச்சர். நடுவுல இறங்கக் கூடாது."

இறங்கிவிடுவேன். பெங்களூரில் இருக்கும் மகன், வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் புது முட்டியோடு மலையேறுகிற வீடியோவை அனுப்பினான். மலையில் அவருக்கு நாத்தனார் யாரும் காத்திருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பள்ளியிலிருந்து பிள்ளைகள் போனில் பேசினார்கள். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். கோணம் எழுபதைத் தாண்டவில்லை.

பவித்ரா கோணமானியை மடித்து வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வீக்கம் இல்ல. வலியும் கொறஞ்சிருக்கு. தையலும் சுத்தமா ஆறிருச்சு. பெறகு ஏன் டீச்சர் எழுபதுலயே நிக்குது?"

"தெரியல."

"மடங்கிட்டா என்ன ஆயிரும்னு பயப்படுறீங்க?"

அவள் எதை வைத்து அப்படிக் கேட்டாள் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எங்கள்லயும் உண்டு டீச்சர். புள்ளைக்கு மொட்டை போடுறேன்னு அம்மா நேந்துக்கும். தலை என்னமோ புள்ளையோடது. ஆனா அந்தப் புள்ளைக்குக் கேள்வி கேக்குற வயசு இல்ல. உங்களுக்கு இருக்குல்ல? நேந்தவங்ககிட்டக் கேளுங்க. முடியலன்னா உங்க சாமியார்கிட்டக் கேளுங்க. அடுத்த ரிவ்யூல தொண்ணூறு வரலன்னா டாக்டர் மயக்கம் குடுத்து மடக்குறதா முடிவு பண்ணிருவாரு. நான் சொன்னாக் கேக்க மாட்டாரு."

அன்று சாயங்காலமே என் கணவர் மாதா கோயில் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை. கண்டக்டர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. மிச்சச் சில்லறையைக் கடைசியில்தான் தருவார்கள்.

"சாமியார் சிரிச்சாரு. நேர்ச்சை, நேந்தவங்களத்தான் கட்டுமாம். திருச்சபைச் சட்டத்துலயே அப்பிடித்தான் இருக்காம். அடுத்தவங்க காலை யாரும் நேர முடியாது, அந்தம்மாவ நிம்மதியா மடக்கச் சொல்லுங்கன்னாரு."

அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? அழுகையே வந்துவிட்டது. உடனே பிளாஸ்டிக் கவரை எடுத்துக் குதிகாலுக்கு அடியில் போட்டேன். பேகம்பூர், வக்கம்பட்டி, செம்பட்டி எல்லாம் தாண்டி அன்று முதன்முதலாக ஆத்தூரில் போய் இறங்கினேன்.

ஆனால் அந்தச் சந்தோஷத்தில் என் கணவர் அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் மதினி வாசலில் நின்றார். எங்கள் வீட்டு வாசலில் சின்னப் படிகள் உண்டு. கைப்பிடிச் சுவரைப் பிடித்து, பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு காலை வைத்து மறுகாலை அதன் அருகில் சேர்த்து, நண்டு போல ஏறி வந்தார். கையில் துணிப்பை.

"சாமியாரு சொன்னது சரிதான். வாய் என்னுது, அப்பக் கடனும் என்னுதுதான். திருவிழாவுக்கு நானே முழங்கால்லயே போறேன்."

"ஒங்க முட்டியை வச்சுக்கிட்டா மதினி?"

"இருக்குறது இதுதான? கடைல வாங்கிட்டா போவேன்?"

என் நிம்மதி ஒரே ராத்திரியோடு முடிந்தது. நான் குணமானால் மணலுக்குப் போவது அவர். கணக்கில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அன்று பயிற்சியில் செம்பட்டிக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். மதினி பார்த்துக்கொண்டே இருந்தார். அவரை ஏமாற்ற முடியாது.

"ஏண்டி, எனக்கு எரக்கப்பட்டா மடக்காம இருக்க?"

நான் குதிகாலுக்கு அடியில் இருந்த கவரைச் சரிசெய்தேன்.

"எந்தம்பி எம்புட்டு நாளைக்கு ஒனக்குக் காப்பி போட்டுக் குடுப்பான்? அவன் வைக்கிற வெஞ்சனத்த மனுசன் திம்பானா? நீ நொண்டிக்கிட்டே கெடந்தா எங்கடன் தீந்துருமா? மாதா கால நல்லாக்கித் தாரேங்குறா, நீ வேணாம்னு பிடிச்சு வச்சுக்கிட்டிருக்க. செத்த நகரு."

நகர்ந்தேன். மதினி கட்டிலில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துத் தன் குதிகாலுக்கு அடியில் போட்டுக்கொண்டார். அந்த வளைந்த காலை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. என் எக்ஸ்ரேயில் இருந்ததைவிட மோசமான ஒன்றை வைத்துக்கொண்டு அவர் எனக்குச் சூப் கொண்டுவந்திருக்கிறார்.

"நானும் செய்யிறேன். மாதாகிட்டப் போற காலு, பழக்க வேணாமா? ஏலே ஆரோக்கியம், வண்டிய எடு."

"ரெண்டு பேரா? ரைட், ரைட். பேகம்பூர்."

இப்படித்தான் என் பயிற்சி நடந்தது. வெள்ளைக்காரப் பாட்டியாலும் தொண்ணூறு என்ற இலக்காலும் ஆகாதது, பக்கத்தில் ஒருத்தர் முனகியதால் ஆனது. மதினி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். காலையும் மாலையும் ஒரே கட்டிலில் இரண்டு பேரும் கால் நீட்டி உட்கார்ந்தோம். அவர் ஜெபமாலை சொல்லிக்கொண்டே மடக்குவார். வலி வந்தால் ஜெபம் வேகமாகும். ஏமாற்றவும் செய்வார். வக்கம்பட்டி தாண்டியதுமே, "ஆத்தூர் வந்துருச்சுடா, எறக்கிவிடு" என்று கத்துவார். "எனக்கா ஆத்தூரு தெரியாது?" என்று தம்பியோடு சண்டை போடுவார். அந்தச் சண்டை முடிவதற்குள் நான் இரண்டு ஸ்டாப்பிங் தாண்டியிருப்பேன். எனக்கு மனம் இல்லாத நாட்களும் இருந்தன. அப்போது அவர் ஒன்றும் சொல்லாமல் கவரைப் போட்டுக்கொண்டு தனியாகத் தொடங்கிவிடுவார். அவரைத் தனியாக முனகவிட்டுப் படுத்திருக்க முடியுமா?

பவித்ரா வந்தால் இரண்டு பேருக்கும் அளப்பாள். எனக்கு ஏறிக்கொண்டே போனது. மதினிக்கு அவ்வளவாக ஏறவில்லை, ஆனால் தொடையில் கொஞ்சம் பலம் வந்திருந்தது. "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துரலாம் பெரியம்மா" என்பாள். "அந்த மிசினு என் முட்டியப் பாக்க வேணாம்" என்பார் மதினி. மணலில் போகக் கூடாது என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. கடைசியில் நான்தான் எங்கள் பள்ளி பி.டி. டீச்சரிடம் சொல்லி, வாலிபால் விளையாடும் பிள்ளைகள் முட்டியில் மாட்டிக்கொள்ளும் பஞ்சு உறை ஒரு ஜோடி வரவழைத்தேன். மதினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கள்ளத்தனமில்லையா?"

"முழங்கால்ல வாரேன்னுதான சொன்னீங்க? வெறும் முழங்கால்லன்னு சொன்னீங்களா?"

"சொல்லல" என்று போட்டுப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது.

ரிவ்யூ அன்று டாக்டர் என் காலை மடக்கிப் பார்த்தார். தொண்ணூறைத் தாண்டி நூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. மயக்கமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், படி ஏறலாம், பள்ளிக்கூடம் போகலாம் என்றார். வெளியே வந்து காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான். அதோடு மதினியை நினைத்துப் பயமும் இருந்தது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

திருவிழா வந்தது. கொடிமரத்தடியில் மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முழங்காலில் இறங்கினார். சேலைக்குள் வாலிபால் உறை இருப்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. கூட்டம் விலகி வழி விட்டது. நான் பக்கத்தில் அவர் வேகத்துக்கு நடந்தேன். என் கணவர் மூன்று பேர் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பாதி தூரத்தில் மதினி நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது, உதட்டின் மேல் வேர்வை.

"போதும் மதினி. மாதா பாத்துட்டா."

"ஒங்கணக்க நீ பாரு. எங்கணக்க நான் பாத்துக்கறேன்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. ஆனால் உடம்பு நகரவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. "வக்கம்பட்டி தாண்டியாச்சு. அடுத்து செம்பட்டி. நடுவுல எறங்கக் கூடாது."

கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மதினி சிரித்தார். ஒரு காலை நகர்த்தினார், பிறகு மறுகாலை.

கெபி வந்து சேர்ந்தோம். மாதாவுக்கு முன்னால் கை கூப்பினார். கண்ணீர் வழிந்தது. பிறகு எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இன்னொரு தடவை முயன்று, என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கெபிக்கு முன்னால் இருந்த தடுப்புக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பவித்ரா சொல்லிக்கொடுத்தபடி புதுக்காலை முன்னால் வைத்து மடக்கி, அவர் உயரத்துக்கு இறங்கினேன். எத்தனை டிகிரி என்று நான் பார்க்கவில்லை. அவர் கை என் கழுத்தைச் சுற்றி விழுந்தது. தூக்கப் போகும் நேரத்தில் அவர் வேகமாக முணுமுணுப்பது கேட்டது.

"தாயே, இதே மாதிரி என் முட்டிவலியும் போச்சுன்னா, அடுத்த வருசம்..."

சட்டென்று அவர் வாயைப் பொத்தினேன்.

"மொதல்ல எக்ஸ்ரே எடுக்க வாரேன்னு சொல்லுங்க. அப்பத்தான் கைய எடுப்பேன்."

என் உள்ளங்கைக்கு மேலே அவர் கண்கள் என்னையே பார்த்தன. மாதாவையும் ஒரு தடவை பார்த்தன. பிறகு தலை மெதுவாக ஆடியது. கையை எடுத்தேன். மதினி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"...அடுத்த வருசம் எந்தம்பி முழங்கால்லயே வருவான்."

பின்னால் ஆத்தூர், ஆத்தூர் என்று கூவிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது.

"ஆமென்" என்றேன் நான்.